கண்ணாடி போட்டிருப்பாள், சத்தமாகப் பேசுவாள்

ராத்திரி ஒன்றரை மணிக்கு அடுப்படித் தரையில் உட்கார்ந்து நான் அழுதுகொண்டிருந்தபோது, இவர் எழுந்து வந்து கேட்ட முதல் கேள்வி “யாரு போயிட்டா?” என்பதுதான். அந்த நேரத்தில் ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால் வேறு என்ன நினைக்க முடியும்? “யாருமில்ல. கொரியாக்காரன் ஒருத்தன் சாம்பலாப் போயிட்டான். இவளுக்கு அவன் பேரே மறந்துபோச்சு” என்றேன். மனுஷர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். கல்யாணமாகி 22 வருஷத்தில் எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டிருக்கிறார்.

எனக்கு 47 வயது. பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சர். அம்மா 2017-இல் இறந்தபோது வந்தவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டு நின்றவள் நான். அழவில்லை என்று சொந்தத்தில் பேச்சுகூட வாங்கினேன். அப்படிப்பட்டவள் ‘காப்ளின்’ என்ற கொரியத் தொடரைப் பார்த்துவிட்டு ஏன் இப்படி ஆனேன் என்று யோசிக்கவே பல மாதம் பிடித்தது. யோசித்ததைத்தான் எழுதுகிறேன். கதையை ஒளிவுமறைவில்லாமல் சொல்லப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

போன வருஷம் மே விடுமுறையில் என் மகள் உட்காரவைத்துக் காட்டிய தொடர் அது. கொரியாவில் டிவிஎன் சேனலில் 2016 டிசம்பர் 2 முதல் 2017 ஜனவரி 21 வரை ஓடியது, 16 பாகம். எழுதியவர் கிம் உன்-சுக். அங்கே கேபிள் சேனல் தொடர் ஒன்று 20 சதவீத ரேட்டிங்கைத் தாண்டியது இதில்தான் முதல் தடவையாம். காப்ளின் என்பது ஆங்கிலம் படித்தவர்களுக்காக வைத்த பெயர். கொரியர்கள் சொல்வது ‘தொக்கேபி’. அது பேயும் இல்லை, நம் முனியும் இல்லை. பழைய துடைப்பம் மாதிரி மனிதன் பயன்படுத்தித் தூக்கிப்போட்ட சாமானில் குடியேறும் ஒரு குறும்புக்கார ஆவி. மல்யுத்தம் என்றால் உயிர், பக்வீட் என்ற தானிய மாவில் செய்யும் கூழ்க்கட்டி என்றால் அதைவிட உயிர். நாட்டுப்புறக் கதைகளில் சிரிக்கவைக்கும் இந்த ஆவியை எடுத்து, கிம் உன்-சுக் ஒரு தளபதியின் சோகக்கதை ஆக்கிவிட்டார்.

கொர்யோ அரச காலத்தில் கிம் ஷின் ஒரு தளபதி. போரில் ஜெயித்துத் திரும்பியவனை, பொறாமை பிடித்த இளம் அரசன் துரோகி என்று சொல்லிக் கொல்லச் செய்கிறான். கிம் ஷினின் தங்கைதான் அரசனின் ராணி, அவளும் சாகிறாள். கடவுள் கிம் ஷினுக்குச் சாகாவரம் கொடுக்கிறார், ஆனால் தண்டனையாக. நெஞ்சில் குத்திய வாள் அப்படியே இருக்கும். அதைப் பார்க்கவும் பிடுங்கவும் முடிகிறவள் அவனுடைய மணப்பெண் மட்டும்தான். பிடுங்கினால் அவன் சாம்பலாவான். 939 வயதில் ஒரு பெரிய வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறவன் முன்னால், பேய்களைப் பார்க்கக்கூடிய பள்ளிக்கூடப் பெண் ஜி உன்-தக் வந்து நிற்கிறாள். அவள் மெழுகுவர்த்தியையோ தீக்குச்சியையோ ஊதி அணைத்தால் போதும், அவன் எங்கிருந்தாலும் அவள் எதிரில் வந்து நின்றாக வேண்டும். அதே வீட்டுக்குப் பெயர் இல்லாத ஒரு எமதூதன் குடிவருகிறான்.

முதல் நாலு பாகம் எனக்குப் பிடிக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். யூனிஃபார்ம் போட்ட பெண்ணுக்கும் கோங் யூ நடித்த அந்த ஆளுக்கும் காதல் என்றதும் முகத்தைச் சுளித்தேன். போதாததற்கு அவள் அவனை “அஜொஸ்ஸி” என்று கூப்பிடுகிறாள், அதாவது நடுவயது அங்கிள். “நாமகூட கட்டிக்கிறவர மாமான்னுதானம்மா கூப்பிடுறோம்” என்றாள் மகள். பதில் சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் என் சுளிப்பு சுளிப்புதான், இன்றைக்கும் மாறவில்லை.

சரி, அப்பாவைப் பற்றிச் சொன்னால்தான் மீதி புரியும்.

அப்பா அரசு பஸ் கண்டக்டர். பெரும்பாலும் திருநெல்வேலி–தென்காசி ரூட். பேட்டை, சீதபற்பநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம் என்று அவர் கூப்பிடும் ராகத்தில்தான் நானும் தம்பியும் ஊர்ப் பெயர்களைப் படித்தோம். அம்மா போனபின் என்னோடுதான் இருக்கிறார். 2020 வாக்கில் சில்லறைக் கணக்கில் தடுமாற ஆரம்பித்தார். 50 ரூபாய் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வயசாகுது என்று விட்டுவிட்டோம். விட்டிருக்கக் கூடாது. அடுத்த வருஷம்தான் டாக்டரிடம் போனோம். அவர் முதலில் தைராய்டு, பி12 எல்லாம் பார்த்தார். அந்தக் குறைகளாலும் மறதி வரும், அதுவாக இருந்தால் மருந்தில் சரிசெய்துவிடலாமாம். அதுவாக இல்லை. அல்சைமர் என்றார்.

2022-இல் ஒருநாள் பரண் ஒழிக்கும்போது அவருடைய பழைய தோல் பை கிடைத்தது. உள்ளே தினசரி காலண்டர் தாள்கள், ரப்பர் பேண்ட் போட்டு டிக்கெட் கட்டு மாதிரி அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றின் பின்பக்கமும் அவர் கையெழுத்து.

“மூத்தவள். டீச்சர். கண்ணாடி போட்டிருப்பாள். சத்தமாகப் பேசுவாள். கோபப்படாதே.”

“சின்னவன். கோயம்புத்தூர். ஞாயிறு போன் பண்ணுவான்.”

“அவள் இல்லை. 2017. தேட வேண்டாம்.”

தன் தலைக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாவற்றையும் படித்தேன். மறுபடி ரப்பர் பேண்ட் போட்டேன். பையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, இறங்கிப்போய்க் குக்கர் வைத்தேன். அழுகை வரவில்லை. இரண்டு வருஷம் அப்படியே போனது.

இப்போது மறுபடி தொடருக்கு வருகிறேன். உன்-தக்கின் கையைப் பிடித்தே கிம் ஷின் வாளைப் பிடுங்கி, பழைய எதிரியை வெட்டி, அவள் கண் முன்னால் சாம்பலாகிறான். அதுவரைக்கும் தைரியமாகத்தான் பார்த்தேன். அதற்கப்புறம் கடவுள் அவனைப் பற்றிய நினைவை மனிதர்களிடமிருந்து துடைத்துவிடுகிறார். ஏதோ நழுவுகிறது என்று உன்-தக்குக்குத் தெரிகிறது. நோட்டை எடுத்து அவசர அவசரமாகக் கிறுக்குகிறாள். அவன் பெயர் கிம் ஷின். உயரமானவன். சிரித்தால் சோகமாக இருக்கும். மழையாக வருவான், முதல் பனியாக வருவான். மறக்கக் கூடாது, நீ அவனுடைய மணப்பெண். எழுதிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் போய்விடுகிறது. யாருக்காக அழுகிறோம் என்றே தெரியாமல் அழுகிறாள்.

கண்ணாடி போட்டிருப்பாள். சத்தமாகப் பேசுவாள்.

நான் எழுந்து அடுப்படிக்குப் போனது அப்போதுதான்.

அன்றைக்குச் செய்த ஒரு தப்பு, 13-ஆம் பாகம் முடிந்ததும் நிறுத்தாமல், தனியாக, நடுராத்திரியில் 14-ஐப் போட்டது. மறுநாள் வீங்கின கண்ணோடு கோடை ஸ்பெஷல் கிளாஸ் எடுத்தேன். இந்தத் தொடர் கொரியாவில் வெள்ளி, சனி என்று பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு பாகம்தான் வந்தது. இந்தச் சாவுக்கும் அடுத்த பாகத்துக்கும் நடுவே ஆட்களுக்கு ஒரு வாரம் மூச்சுவிட நேரம் இருந்தது. நாம் அந்த இடைவெளியைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பார்க்கிறோம். வீட்டில் ஏற்கெனவே பாரம் இருக்கிறவர்கள் இந்த மாதிரிக் கதையைப் பகலில், யாராவது பக்கத்தில் இருக்கும்போது, ஒன்றிரண்டு பாகமாகப் பாருங்கள். அழுகை வந்தால் அது எந்தக் காட்சியில் வந்தது என்று மட்டும் கவனியுங்கள். நாயகன் செத்ததற்கு நான் அழவில்லை, அவள் நோட்டில் எழுதியதற்குத்தான் அழுதேன். அதைக் கண்டுபிடித்த அன்றுதான் பரணிலிருந்து பையை இறக்கினேன், தம்பிக்குப் போன் போட்டுத் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். அவன் அந்தப் பக்கத்தில் ரொம்ப நேரம் பேசவில்லை.

14-ஆம் பாகத்தில் ஒன்பது வருஷம் ஓடிவிடுகிறது. உன்-தக் இப்போது ரேடியோவில் நிகழ்ச்சித் தயாரிப்பாளர். முதல் பனி விழும் நாளில் மொட்டைமாடியில் கேக் மெழுகுவர்த்தியை ஊதுகிறாள். உயிருக்கும் சாவுக்கும் நடுவிலுள்ள வெட்டவெளியில் ஒன்பது வருஷம் அலைந்தவன் வந்து அவளைக் கட்டிக்கொள்கிறான். அவள் விலகி நின்று கேட்கிறாள், நீங்கள் யார் என்று.

தினம் காலையில் காபி கொண்டுபோகும்போது அப்பா என்னைப் பார்க்கும் பார்வை அதுதான். வெறுப்போ கோபமோ கிடையாது. பஸ்ஸில் ஏறும் புதுப் பிரயாணியைப் பார்க்கிற மரியாதை. “யாரும்மா? எங்க போணும்?”

இத்தனை நாளாக நான் என்ன செய்தேன் தெரியுமா? “அப்பா, நான் யாரு சொல்லுங்க பாப்போம்?” என்று பரீட்சை வைத்தேன். டீச்சர் புத்தி. விடை வராவிட்டால் க்ளூ கொடுப்பேன். அவர் முகம் சுருங்கும், சட்டை பட்டனைத் திருகுவார். கிம் ஷின் அப்படிச் செய்யவில்லை. அதிர்ச்சியை விழுங்கிக்கொண்டு, வேறு பெயரில் ஒரு கம்பெனிக்காரனாக அவளுக்குப் புதிதாக அறிமுகமாகிறான். அவள் எந்த இடத்தில் இருக்கிறாளோ அங்கே போய் நிற்கிறான். ஆயிரம் வருஷம் வாழ்ந்தவனுக்கே இந்தப் பணிவு வேண்டியிருக்கிறது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து கேள்வியை நிறுத்தினேன். “அப்பா, நான் உங்க மூத்த மக. காபி கொண்டுவந்திருக்கேன்.” அவ்வளவுதான். ஒரு சமயத்தில் ஒரு வாக்கியம். டாக்டரும் இதையேதான் முன்னாடி சொல்லியிருந்தார். அப்போது காதில் ஏறவில்லை.

இந்த இடத்தில் தொடர் எனக்குச் செய்த கெடுதலையும் சொல்லணும்.

உன்-தக்குக்கு நினைவு திரும்புவது கனடாவின் கியூபெக் நகரத்தில். முன்பு அவனோடு சுற்றிய தெருக்கள், அந்தச் சிவப்புக் கதவு, மலைமேல் நிற்கும் ஷாட்டோ ஃப்ரான்டெனாக் ஹோட்டல். பழைய இடத்தில் நடக்க நடக்க எல்லாம் திரும்பி வருகிறது. அதைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு கிறுக்கு யோசனை. அப்பாவின் கியூபெக் தென்காசி ரூட்தானே? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தென்காசி பஸ்ஸில் ஏற்றி ஜன்னலோரம் உட்காரவைத்தேன். பேட்டை தாண்டும்வரை நன்றாக இருந்தார். சீதபற்பநல்லூரில் கூட்டம் ஏறியது. திடீரென்று எழுந்து நின்று, தோளையும் இடுப்பையும் தடவிப் பார்த்து, “என் பையக் காணோம், பையக் காணோம்” என்று கத்த ஆரம்பித்தார். கணக்கு ஒப்படைக்கணுமே, பணத்துக்கு என்ன பண்ணுவேன் என்று உடம்பெல்லாம் நடுக்கம். அந்த பஸ்ஸின் சின்ன வயசுக் கண்டக்டர் கையில் இருந்த மெஷினைப் பிடுங்கப் போய்விட்டார். அந்தத் தம்பி நல்ல பையன். “பை டிப்போல இருக்கு சார், நான் பத்திரமா வச்சிருக்கேன்” என்று சொல்லி, ஆலங்குளத்தில் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். எனக்கு இரண்டு வருஷமாக வராத சாமர்த்தியம் அவனுக்கு ஒரு நொடியில் வந்தது. வீடு திரும்பியபின் மூன்று நாள் அப்பா சரியாகத் தூங்கவில்லை.

கடவுள் துடைத்த நினைவைக் கதையில் திருப்பிக் கொடுக்கலாம். மூளையில் செல் அழிந்து போன நினைவை எந்தச் சிவப்புக் கதவும் திருப்பாது. தெரிந்த இடமானாலும் சத்தம், கூட்டம், அவசரம் மூன்றும் சேர்ந்தால் அவர்களுக்குப் பயம்தான் வரும். இது எனக்குத் தெரிந்ததுதான், தெரிந்தும் போனேன். நல்ல கதை ஒன்றைப் பார்த்து முடித்த சூட்டில் வீட்டில் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. குறைந்தது ஒரு வாரம் ஆறப்போடணும்.

ஆனால் அதே தொடரில் இன்னொரு காட்சி இருக்கிறது, கியூபெக்கைவிட உண்மையானது. லீ டாங்-வுக் நடித்த அந்த எமதூதன். இவனுக்கு முன்ஜென்மம் எதுவும் ஞாபகமில்லை. பேரும் கிடையாது. பேர் கேட்டபோது அவசரத்துக்கு ஒரு பிரபல நடிகரின் பேரைச் சொல்லிவைக்கிறான் பாவம். கோழிக்கறிக் கடை நடத்தும் சன்னியை நடைமேம்பாலத்தில் முதன்முதலாகப் பார்க்கிறான். யார் என்று தெரியாது, ஆனால் கண்ணிலிருந்து நீர் கொட்டுகிறது. பின்னாடி கிம் ஷின் வைத்திருக்கும் தங்கையின் ஓவியத்தைப் பார்த்தும் அப்படியே. அவன்தான் அந்த இளம் அரசன், அவள்தான் அவன் சாகவிட்ட ராணி என்பது நமக்கும் அவனுக்கும் பிறகுதான் தெரியவருகிறது. மூளைக்குத் தெரியாதது கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

இதை டாக்டரிடம் சொன்னேன், சிரிப்பார் என்று நினைத்து. அவர் சிரிக்கவில்லை. நடந்த விஷயம் மறந்துபோனாலும் அது விட்டுப்போன உணர்ச்சி கொஞ்ச நேரம் தங்கும் என்றார். காலையில் நான் எரிந்து விழுந்தது அப்பாவுக்குப் பத்து நிமிஷத்தில் மறந்துவிடும். ஆனால் காரணம் தெரியாத ஒரு சோர்வு மதியம்வரை இருக்கும். நல்லதும் அப்படித்தான். ‘எப்படியும் மறக்கப்போறார்’ என்று நினைத்துப் பேசிய நாட்களை எண்ணி வெட்கப்பட்டேன்.

இந்த எமதூதன்தான் செத்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கிறவன். குடித்தால் இந்தப் பிறவி மறந்துபோகும். மறதியும் கடவுள் காட்டும் அக்கறைதான் என்று சொல்லிக் கொடுப்பான். எனக்கு இந்த வசனத்தின்மேல் தீராத கோபம். கோப்பையில் குடிக்கிறவருக்கு அது அக்கறையாக இருக்கலாம், கழுவி வைக்கிறவளுக்கு என்ன? சன்னி பாத்திரம் அதனால்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கிறது. எல்லோருக்கும் நினைவு துடைக்கப்பட்டபோது அவளுக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது. வருஷக்கணக்கில் மறந்த மாதிரியே நடித்திருக்கிறாள். நோயாளி இருக்கும் வீட்டுப் பெண்கள் எல்லோரும் சன்னிதான்.

முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. மழலையர் பள்ளி வண்டிமேல் லாரி மோதாமல் இருக்க உன்-தக் தன் காரைக் குறுக்கே நிறுத்திச் சாகிறாள், 29 வயதில். தேநீரை மட்டும் மறுத்துவிட்டுப் போகிறாள், மறுபிறவியில் திரும்பி வருகிறாள். என் மகளுக்கு அது காவியம். எனக்கு, அவ்வளவு கஷ்டப்பட்டுச் சேர்த்துவைத்துவிட்டு லாரியைக் கொண்டுவந்தது அதிகப்படி. இது பற்றி எங்கள் வீட்டில் இன்னும் சண்டை.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன மாற்றம்தான். சாயங்காலம் ஐந்தரைக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுகிறோம். இருட்டுகிற நேரத்தில்தான் அவருக்குத் தவிப்பு அதிகம். சட்டைப் பையில் என் நம்பர் எழுதிய அட்டை. ஒருதரம் இரண்டே நாளில் ஒரேயடியாகக் குழம்பிப்போனார், நோய் முற்றிவிட்டது என்று பதறினோம். கடைசியில் சிறுநீரில் கிருமித் தொற்று. திடீரென்று மோசமானால் முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். மாதத்தில் இரண்டு நாள் தம்பி வந்து இருக்கிறான், நான் என் சிநேகிதி வீட்டுக்குப் போய்த் தூங்குகிறேன். ஆமாம், தூங்கத்தான்.

அம்மாவைக் கேட்டால் ‘இறந்துட்டாங்க’ என்று சொல்வதையும் நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதுச் செய்தி. “உங்களுக்குப் புளிக்குழம்பு வச்சா அம்மா என்ன சொல்வாங்க?” என்று பேச்சைத் திருப்பினால் அவரே ஏதாவது சொல்லிச் சிரிக்கிறார்.

பையை அவரிடமே கொடுத்துவிட்டேன். அது கிடைத்த நாளிலிருந்து மத்தியானங்களில் தோளில் மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். தேதி போன காலண்டர் தாள்களை மகள் டிக்கெட் அளவுக்கு வெட்டி அடுக்கிக் கொடுத்திருக்கிறாள். நேற்று ஸ்கூல் விட்டு வந்து செருப்பைக் கழற்றினேன். நிமிர்ந்து பார்த்தார்.

“எங்க போணும்?”

“பாவூர்சத்திரம் ஒண்ணு.”

விரலில் எச்சில் தொட்டு ஒரு தாளைக் கிழித்தார். நான் கைப்பையிலிருந்து 50 ரூபாயை எடுத்து நீட்டினேன். வாங்கி, நாலாக மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டு, பேனாவை எடுத்துத் தாளின் பின்னால் என்னவோ எழுதிக் கொடுத்தார்.

“சில்லறை இல்ல தாயி. எறங்கும்போது கேட்டு வாங்கிக்கோ.”